பதினெட்டாவது ஆட்டம் வேண்டாம்: என்எஃப்எல் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

என்எஃப்எல் ஆணையர் ரோஜர் குடெல் அவர்களுக்கும், அணி உரிமையாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம். அமெரிக்கக் கால்பந்தின் தலைமை லீக்கான என்எஃப்எல்லில் மொத்தம் 32 அணிகள். அதில் கிரீன் பே பாக்கர்ஸுக்கு மட்டும் தனி முதலாளி கிடையாது, பங்கு வைத்திருக்கும் ரசிகர்கள்தான் சொந்தக்காரர்கள். இந்த மடல் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களைக் குறைத்துவிட்டு, 17 ஆட்ட சீசனை 18 ஆட்டங்களாக்கலாம் என்று 2024 ஏப்ரலில் நீங்கள் வெளிப்படையாகவே பேசினீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு ஓயவே இல்லை. அது வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன். காரணத்தைச் சொல்ல எனக்கு ஓர் ஆட்டக்காரரின் வாழ்க்கை போதும். டெமேரியஸ் தாமஸ், டென்வர் பிராங்கோஸ், 88ஆம் எண், வைட் ரிசீவர்.

தமிழில் எழுதுவதால் இந்த ஆட்டம் பழகாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காக ஒரு விளக்கம். வைட் ரிசீவர் களத்தின் ஓரத்தில் நிற்பவர். குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்கு முன்பே ஓட ஆரம்பித்து, பந்து வந்து விழப்போகும் இடத்துக்குத் தானும் போய்ச் சேர்ந்து பிடிக்க வேண்டும். பிடிக்கிற நேரத்தில் அவர் கண் பந்தின் மேல் இருக்கும். அவரை அடித்து வீழ்த்த வருகிறவரின் கண் அவர் மேல் இருக்கும்.

தாமஸ் 1987 கிறிஸ்துமஸ் அன்று ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தவர். 1999இல் அவருக்கு 11 வயது இருக்கும்போது போலீஸ் வீட்டுக்குள் வந்து, கொக்கைன் வழக்கில் அம்மாவையும் பாட்டியையும் பிடித்துக்கொண்டு போனது. பிள்ளைகளை ஸ்கூல் பஸ் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன் என்று அம்மா கேட்டிருக்கிறார், விட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு 20 ஆண்டு சிறை. பாட்டிக்கு அதைவிடக் கடுமையான தண்டனை. பையன் உறவினர் வீடுகளில் வளர்ந்து, கடைசியில் பாதிரியாரான ஓர் உறவினரின் கண்டிப்பில் நிலைகொண்டான். பேட்டிகளில் இதையெல்லாம் தாமஸ் அதிகம் பேச மாட்டார். பொதுவாகவே கூச்ச சுபாவம்.

ஜார்ஜியா டெக் கல்லூரியில் அவர் ஆடிய அணியின் பாணி வேடிக்கையானது. டிரிபிள் ஆப்ஷன் என்பார்கள். பந்தை எறிவதே அபூர்வம், தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் எல்லாம். அப்படிப்பட்ட அணியில் ரிசீவருக்கு என்ன வேலை? முன்னால் போய் எதிராளியை மோதித் தடுப்பது. 2009 சீசன் முழுவதிலும் தாமஸ் பிடித்த பந்துகள் 46தான். ஆனால் அந்த 46இல் அணியை 1,154 கெஜம் முன்னேற்றினார், பிடிக்கு 25 கெஜம். எல்லோரும் அந்தச் சராசரியைப் பார்த்து வாய் பிளந்தார்கள். பந்து வராத மற்ற நேரத்தில் அவர் எத்தனை பேரை மோதித் தள்ளினார் என்பதை எந்தப் புள்ளிவிவரமும் எழுதி வைக்கவில்லை. அந்த மோதல்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப அவற்றிடம் வருவேன்.

கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பதை டிராஃப்ட் என்பார்கள். 2010 டிராஃப்டின் முதல் சுற்றில், 22ஆவது ஆளாக டென்வர் அவரை எடுத்தது. மூன்று இடம் தள்ளி குவார்ட்டர்பேக் டிம் டீபோவையும் அதே அணியே எடுத்ததால் பத்திரிகைகள் டீபோ பின்னால் போய்விட்டன. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த வருடம். தலையில் அடிபட்டால் மறைக்காதீர்கள் என்று அணிகளின் உடைமாற்றும் அறைகளில் நீங்கள் எச்சரிக்கைச் சுவரொட்டி ஒட்டியது அதே 2010இல்தான். பந்தைப் பிடிக்கும் நிலையில் தற்காப்பில்லாமல் இருக்கும் ரிசீவரின் தலையைக் குறிவைத்து அடிப்பவர்களுக்கு அபராதத்தை உயர்த்தியதும் அந்த சீசனில்தான். அடுத்த ஆண்டு வீரர்கள் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தில், முழுக் கவசத்தோடு மோதும் பயிற்சிகளை சீசனுக்கு 14 என்று சுருக்கினீர்கள். 2018இல் ஹெல்மெட்டைத் தாழ்த்தி முட்டுவதைத் தடை செய்தீர்கள்.

இவை நல்ல மாற்றங்கள், மனதாரச் சொல்கிறேன். தாமஸ் பழைய காலத்து ஆள் இல்லை. "அப்போது எங்களுக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்பிக்கக்கூடிய தலைமுறையும் இல்லை. உங்கள் சீர்திருத்தங்களுக்குள்ளேயே வந்து, அவற்றுக்குள்ளேயே பத்து சீசன் ஆடி முடித்தவர்.

ஆட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் பேசிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவருக்கு அநியாயம் செய்ததாகிவிடும். முதல் சீசன் முடிந்ததும் 2011 பிப்ரவரியில் பயிற்சியின்போது குதிகால் தசைநார் அறுந்தது. அதிலிருந்து மீண்டு வந்த அதே சீசனின் முடிவில், 2012 ஜனவரி 8, பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்கு எதிரான பிளேஆஃப், அதாவது நாக்-அவுட் ஆட்டம். ஆட்டம் சமனாகி கூடுதல் நேரத்துக்குப் போனது. முதல் பந்து. ஸ்டீலர்ஸ் தடுப்பாளர்கள் எல்லாரும் ஓட்டம்தான் வரும் என்று முன்னால் நெருங்கி நிற்க, டீபோ நடுவே எறிந்தார். ஓடிக்கொண்டே பிடித்த தாமஸ், துரத்தி வந்த ஐக் டெய்லரை ஒரு கையால் தள்ளிவிட்டு 80 கெஜம் ஓடிப்போய், எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டார். கூடுதல் நேரம் தொடங்கி 11 வினாடியில் ஆட்டம் முடிந்தது. அன்றைக்கு அவர் பிடித்தது மொத்தம் நாலே பந்து, 204 கெஜம்.

பிறகு குவார்ட்டர்பேக்காக பெய்டன் மேனிங் வந்தார். 2012 முதல் 2016 வரை ஐந்து சீசனிலும் தாமஸ் ஆயிரம் கெஜத்தைத் தாண்டினார், ஐந்து முறையும் ப்ரோ பவுல் என்ற நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வு. 2014இல் 111 பிடி, 1,619 கெஜம். அந்த ஆண்டு அக்டோபரில் மேனிங் 509ஆவது டச்டவுன் எறிந்து பிரெட் ஃபாவ்ரின் சாதனையை முறியடித்தபோது அதைப் பிடித்தவரும் இவர்தான். சாதனைப் பந்தை மேனிங் கையில் கொடுக்காமல், ரிசீவர்கள் சேர்ந்துகொண்டு அவர் தலைக்கு மேலே ஒருவருக்கொருவர் தூக்கிப்போட்டு, 38 வயது மனிதரை எம்பி எம்பிக் குதிக்க வைத்தார்கள். கூச்ச சுபாவம் என்று சொன்னேனே, அந்த விளையாட்டில் அதெல்லாம் காணோம்.

ஆனால் என் கண்ணில் நிற்பது சாதனைப் பந்து இல்லை, ஸ்கிரீன் என்ற சாதாரண உத்தி. மேனிங் கைக்குப் பந்து வந்த உடனே பக்கவாட்டில் நிற்கும் தாமஸிடம் வீசிவிடுவார். தாமஸ் இருக்கும் இடம் பந்து வைக்கப்பட்ட கோட்டுக்குப் பின்னால்கூட இருக்கலாம். ஆறடி மூன்று அங்குலம், நூறு கிலோவுக்கு மேல் எடை, ஆனால் ஓட்டம் குதிரை ஓட்டம். முன்னால் இரண்டு தடியர்கள் வழி விலக்க, இவர் கூட்டத்துக்குள்ளேயே நுழைவார். முதல் ஆள் தோளில் மோதுவார், விழ மாட்டார். இரண்டாவது ஆள் இடுப்பைக் கட்டிக்கொண்டு தொங்குவார். மூன்றாவது ஆள் காலை வாரும்போது நான்காவது ஆள் மேலே வந்து விழுவார். கபடியில் கோட்டைத் தொடப்போகும் ரைடரை அமுக்குவது போல அமுக்குவார்கள், வித்தியாசம் என்னவென்றால் இங்கே எல்லோர் தலையிலும் கெட்டியான ஹெல்மெட் இருக்கிறது, அதுவும் மோதுகிறது. எட்டு கெஜம் கிடைக்கும். தாமஸ் எழுந்து, பந்தை நடுவரிடம் கொடுத்துவிட்டு, அடுத்த பந்துக்கு நடந்து போவார். காயம் என்று எதுவும் பதிவாகாது. கன்கஷன், அதாவது மூளை அதிர்ச்சி என்றும் பதிவாகாது. ஒரு ஆட்டத்தில் இப்படி ஐந்தாறு தரம் நடக்கும். பந்து தன்னிடம் வராத நேரங்களில் தடுக்கப் போவது தனி.

2012 தொடங்கி 2017 முடிய ஆறு சீசன்களில் அவர் ஒரு லீக் ஆட்டத்தைக்கூடத் தவறவிடவில்லை. 96 ஆட்டம். பிளேஆஃப் வேறு எட்டு. இதில் இரண்டு சூப்பர் பவுல், அதாவது லீக்கின் இறுதி ஆட்டம். சீஹாக்ஸிடம் 43-8 என்று உதை வாங்கிய முதலாவதில் அவர் மட்டும் 13 பந்து பிடித்தார், அப்போதைக்கு அது சூப்பர் பவுல் சாதனை. 2016 பிப்ரவரியில் ஜெயித்த இரண்டாவதில் அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு பிடி. அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஏனென்றால் முந்தைய ஆண்டு ஒபாமா தண்டனையைக் குறைத்ததால் வெளியே வந்த அம்மா அரங்கத்தில் இருந்தார். மகன் ஆடுவதை நேரில் அவர் முதன்முதலாகப் பார்த்ததே அந்த ஜனவரியில் டென்வரில் நடந்த ஸ்டீலர்ஸ் ஆட்டத்தில்தான். ஆகஸ்டில் பாட்டிக்கும் தண்டனை குறைந்தது.

அந்த சூப்பர் பவுல் முடிந்து ஐந்து வாரத்தில் உங்கள் மூத்த துணைத்தலைவர் ஜெஃப் மில்லர் அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர்கள் முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் சொன்னார். அமெரிக்கக் கால்பந்துக்கும் சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு நோய்க்கும் தொடர்பு உண்டா என்பது கேள்வி. நிச்சயமாக உண்டு என்று ஒப்புக்கொண்டார். லீக்கின் மூத்த நிர்வாகி ஒருவர் அதை வெளிப்படையாக ஒத்துக்கொண்டது அதுதான் முதல் முறை.

அப்புறம் சரிவு சீக்கிரம் வந்தது. 2018 நடுவே ஹூஸ்டனுக்கு மாற்றினார்கள், டிசம்பரில் மறுபடி குதிகால் தசைநார் அறுந்தது. 2019 பிப்ரவரியில் ஒரு கார் விபத்து. கடைசி சீசன் நியூயார்க் ஜெட்ஸில். மொத்தக் கணக்கு 143 ஆட்டம், 724 பிடி, 9,763 கெஜம், 63 டச்டவுன். 2021 ஜூனில் ஓய்வை அறிவித்தார். டிசம்பர் 9 அன்று ஜார்ஜியாவில் தன் வீட்டில் இறந்து கிடந்தார். கிறிஸ்துமஸ் வந்திருந்தால் 34 வயது.

குடும்பம் அவர் மூளையை பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்குக் கொடுத்தது. 2022 ஜூலையில் முடிவு வந்தது: சி.டி.இ., நான்கு நிலைகளில் இரண்டாவது. கடைசிக் காலத்தில் நினைவு தப்பியது, எல்லோரையும் சந்தேகப்பட்டார், தனியாக ஒதுங்கிக்கொண்டார் என்று வீட்டார் சொன்னார்கள்.

இங்கே நான் நேர்மையாக இருக்க வேண்டும். அவர் உயிரைப் பறித்தது வலிப்பு நோய். வலிப்பு அந்தக் கார் விபத்துக்குப் பிறகு வந்தது என்கிறது குடும்பம். ஆய்வை நடத்திய மருத்துவர் ஆன் மெக்கீயும் வலிப்பும் சி.டி.இ.யும் தனித்தனி என்றுதான் விளக்கினார். ஆக, உங்கள் ஆட்டம் அவரைக் கொன்றது என்று நான் எழுத மாட்டேன். 33 வயதில் அவர் தலைக்குள் இருந்த நோயை உங்கள் ஆட்டம் கொடுத்தது என்று எழுதுவேன். அதே 2021 பிப்ரவரியில் வின்சென்ட் ஜாக்சன் 38 வயதில் ஒரு ஹோட்டல் அறையில் இறந்தார். அவரும் வைட் ரிசீவர், 9,000 கெஜம் எடுத்தவர். அவருக்கும் சி.டி.இ., அதே இரண்டாம் நிலை.

இறந்த என்எஃப்எல் வீரர்களின் மூளைகளில் 376ஐப் பார்த்ததில் 345இல் இந்த நோய் இருந்ததாக 2023இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் சொன்னார்கள். சந்தேகம் இருக்கிற குடும்பங்கள்தானே மூளையைக் கொடுக்கும், அதனால் எல்லா வீரர்களுக்கும் இதே விகிதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இதை அவர்களே எச்சரித்தார்கள். சரி, அந்த எண்ணை ஓரமாக வையுங்கள். அதே குழுவின் இன்னொரு முடிவுதான் இந்த மடலுக்கு வேண்டியது. மோதல் கால்பந்து ஆடும் ஒவ்வொரு கூடுதல் ஆண்டுக்கும் சி.டி.இ. வரும் வாய்ப்பு ஏறத்தாழ 30 சதவீதம் கூடுகிறது. எத்தனை கன்கஷன் என்பதைவிட, வாழ்நாள் முழுவதும் தலை வாங்கிய அடிகள் எத்தனை, எவ்வளவு பலமானவை என்பதுதான் நோயை நன்றாகக் கணிக்கிறது. ஜார்ஜியா டெக்கில் பந்தே வராமல் மோதித் தள்ளிய நாட்களும், டென்வரில் எட்டு கெஜ ஸ்கிரீன்களும் இந்தக் கணக்கில்தான் ஏறுகின்றன. உங்கள் சுவரொட்டி கன்கஷனைப் பற்றியது. உங்கள் அபராதம் பயங்கர அடிகளைப் பற்றியது. இரண்டுக்கும் பிடிபடாத சாதாரண மோதல்தான் மிச்சம். அதைக் குறைக்க ஒரே வழி, ஆட்டத்தையும் பயிற்சியையும் குறைப்பது. நீங்கள் கூட்டப் பார்க்கிறீர்கள்.

முன்பு 16 லீக் ஆட்டமும் 4 பயிற்சி ஆட்டமும், இப்போது 17ம் 3ம், இனி 18ம் 2ம், மொத்தம் எப்போதும் 20தானே என்பது உங்கள் தரப்பு வாதம். இதைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. தாமஸ் போன்ற முன்னணி ஆள் பயிற்சி ஆட்டத்தில் கொஞ்ச நேரம் தலைகாட்டிவிட்டு தொப்பியை மாட்டிக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்துவிடுவார். லீக் ஆட்டத்தில் கடைசி நிமிடம் வரை களத்தில் நிற்பார். இரண்டையும் ஒரே எண்ணாகக் கூட்டினால் டிக்கெட் கணக்குக்குச் சரியாக வரலாம், தலைக்கு வராது. அவர் ஒன்றும் தவறவிடாத அந்த ஆறு சீசன்களை 18 ஆட்டக் கணக்கில் போட்டுப் பாருங்கள். 96 என்பது 108 ஆகிறது. பன்னிரண்டு ஆட்டம் கூடுதல், பழைய கணக்கில் முக்கால் சீசன். ஓய்வெடுத்திருக்க வேண்டிய உடம்பில் இன்னொரு முக்கால் சீசனை ஏற்றுகிறீர்கள்.

17ஆவது ஆட்டமே எப்படி வந்தது? 2020 மார்ச்சில் வீரர்கள் ஓட்டுப் போட்டார்கள். ஆதரவு 1,019, எதிர்ப்பு 959. அறுபது ஓட்டு வித்தியாசம். குறைந்தபட்ச சம்பளம் உயரும் என்பதால் பலர் கை தூக்கினார்கள், அவர்களைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் கிட்டத்தட்ட பாதிப் பேர் வேண்டாம் என்ற ஒன்றை, இன்னொரு படி ஏற்றப் போகிறீர்கள். அதுவும் 11 ஆண்டுக்கு சுமார் 11,000 கோடி டாலர் தொலைக்காட்சி ஒப்பந்தம் கையில் இருக்கும்போது. பணத்துக்குத் தட்டுப்பாடு என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அந்த 17 ஆட்ட சீசன் முதன்முதலில் நடந்த ஆண்டும் 2021தான். தாமஸ் அதை ஆடவில்லை. டிசம்பர் 12, அவர் இறந்து மூன்றாம் நாள், டென்வரில் டெட்ராய்ட் லயன்ஸுடன் ஆட்டம். பிராங்கோஸ் முதல் பந்துக்குப் பதினோரு பேருக்குப் பதில் பத்துப் பேரோடு நின்றார்கள். அவர் நிற்கும் இடம் காலி. பந்தை எடுக்காமல் அப்படியே நின்றார்கள், நேரம் ஓடி முடிந்தது, தாமதம் என்று நடுவர் கொடி வீசினார். ஐந்து கெஜ அபராதம். லயன்ஸ் அதை வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தார்கள். உங்கள் விதிப்புத்தகத்தில் எதிரணிக்கு அந்த இடம் இருந்தது, அவர்கள் அதைச் சரியாகப் பயன்படுத்தினார்கள்.

உங்களுக்கும் அப்படி ஓர் இடம் இருக்கிறது. தொழிலாளர் ஒப்பந்தம் 2030 சீசன் வரை ஓடும். அதற்கு முன் 18ஆவது ஆட்டத்தைக் கொண்டுவர வேண்டும் என்று யாரும் உங்கள் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. மேசையிலிருந்து அதை எடுத்துவிடுங்கள். ஞாயிறு ஆடியவர்களை வியாழனே மறுபடி இறக்கும் வழக்கத்தையும் அப்படியே நிறுத்த முடிந்தால் இன்னும் நல்லது, ஆனால் அது இரண்டாவது.

முதலாவது கோரிக்கைக்குப் பக்கத்திலேயே இன்னொன்று வைக்கிறேன். மூளைக் காயத்துக்காக நீதிமன்றத்தில் நீங்கள் ஒத்துக்கொண்ட இழப்பீட்டுத் திட்டம் 2014 ஜூலை 7க்கு முன் ஓய்வுபெற்றவர்களுக்கு மட்டும். அவர்களிலும், இறந்த பின் சி.டி.இ. கண்டுபிடிக்கப்பட்டால் பணம் என்பது 2015 ஏப்ரல் 22க்கு முன் இறந்தவர்களுக்குத்தான். இந்த நோய் உறுதிப்படுவதே இறந்த பின் மூளையை அறுத்துப் பார்த்தால்தான் என்பது உங்களுக்கும் தெரியும், உங்கள் வக்கீல்களுக்கும் தெரியும். தாமஸ் 2021இல் ஓய்வுபெற்றார். இரண்டு தேதிக்கும் அவர் வெளியே. ஓய்வுபெற்றவருக்குக் கிடைக்கும் மருத்துவக் காப்பீடும் ஐந்தே ஆண்டுக்கு, மூன்று சீசன் ஆடியிருந்தால். பல ஆண்டுகளில் மெல்ல முற்றும் நோய்க்கு ஐந்து ஆண்டு எந்த மூலைக்குக் காணும்?

2014க்குப் பிறகு ஓய்வுபெற்ற எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் ஒரு திட்டத்தை முதலில் எழுதுங்கள். சி.டி.இ. ஆய்வாளர் ஒருவரையும், முப்பது வயதில் ஓய்வுபெற்ற ஒரு ரிசீவரையும் உட்கார வைத்து எழுதுங்கள். அது கையெழுத்தாகி நடைமுறைக்கு வந்து, அதன் செலவு எவ்வளவு என்று உங்கள் கணக்குப் புத்தகத்திலேயே தெரிந்த பிறகு, இன்னொரு ஆட்டம் வேண்டுமா என்று வீரர்களிடம் கேளுங்கள். அதுவரை 17 போதும். எனக்கு 16ஏ போதும்.

இப்படிக்கு,
பிராங்கோஸ் ரசிகன் ஒருவன்